யஃகூப் நபியிடம் அழாதே என்றவர்கள்

பெண் மையித்தைக் குளிப்பாட்டும் வேலை எனக்கு உம்மா வழியாக வந்தது. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் வேலை வாப்பா வழியாக. காலையில் ரெஹாலை விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் யாராவது வந்து நின்று குரலைத் தாழ்த்தினால், பெரிய பிள்ளை ஒருத்தியிடம் பாடத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். இலந்தை இலைப் பொடியும் கற்பூரமும் எப்போதும் ஒரு டப்பாவில் இருக்கும். கஃபன் துணியை ஜமாஅத்தில் தருவார்கள். மௌத்து வீட்டுக்குள் நுழைந்ததும் அழுகைக்கு முன்னால் என் காதில் விழுவது அழுகையை அடக்கும் குரல்கள்தான். "அழாதீங்கம்மா, சபூர் செய்ங்க." "கண்ணீர் மையித்து மேல பட்டா ரூஹு வேதனைப்படும்." "ஓதத் தெரிஞ்ச பொண்ணு நீயே இப்படி அழுதா எப்படி?"

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயானில் கேட்டதைச் சொல்கிறார்கள். ஈமான் உறுதியாக இருப்பவர் அல்லாஹ்வின் தீர்ப்புக்கு முன்னால் கண் கலங்கமாட்டார் என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. அப்படியானால் யஃகூப் நபியை (அலை) எங்கே வைப்பது? அழுது அழுதே கண் வெளுத்துப்போன நபி அவர். அவரைத்தான் அழகிய பொறுமைக்கு ஆளாகவும் குர்ஆன் காட்டுகிறது. இரண்டும் ஒரே சூராவில், ஒரு வசனத்துக்கு அடுத்த வசனமாக வருகின்றன: 83இல் பொறுமை, 84இல் வெளுத்த கண்கள். மறைப்பதற்கு அல்லாஹ் எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

குர்ஆனின் 12ஆவது சூராவுக்கு மகன் யூசுஃபின் பெயர். மக்காவில் இறங்கியது, 111 வசனங்கள். ஒரு நபியின் கதை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் தொடர்ச்சியாகச் சொல்லப்படுவது இதில்தான். என்னிடம் ஓதும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பது பதினொரு நட்சத்திரக் கனவு, கிணறு, வழிப்போக்கரின் வாளி, சிறைச்சாலை, மன்னர் கண்ட ஏழு பசுக்கள். யூசுஃப் போகும் இடமெல்லாம் கதையும் அவர் பின்னாலேயே போகிறது. வாப்பா மட்டும் கன்ஆனில், வீட்டிலேயே இருக்கிறார். நடுவில் நெடுந்தூரம் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளைகளும் அவரை மறந்துவிடுவார்கள்.

அவர் இருந்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். யூசுஃபை விளையாட அழைத்துப் போகிறோம் என்று அண்ணன்மார் கேட்டபோது, நீங்கள் கவனிக்காத நேரத்தில் ஓநாய் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று வாப்பா வாயைத் திறந்து சொல்லிவிட்டார். மாலையில் அவர்கள் அழுதுகொண்டு வந்து சொன்ன பொய் அதே ஓநாய்தான். தகப்பனின் பயத்தையே எடுத்துத் தங்களுக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். பொய் ரத்தம் தோய்ந்த சட்டையையும் நீட்டினார்கள். சட்டையில் ஒரு கிழிசலும் இல்லையே, இது என்ன இவ்வளவு சாதுவான ஓநாய் என்று யஃகூப் நபி கேட்டதாகத் தஃப்ஸீர்களில் ஒரு செய்தி உண்டு. கெட்டிக்காரத் திருடர்களும் சட்டையைக் கிழிக்க மறந்துவிடுகிறார்கள்.

இது உங்கள் மனம் ஜோடித்த வேலை என்று அவர் சொல்லிவிட்டார். அழகிய பொறுமைதான் என் வழி, அல்லாஹ்விடமே உதவி கேட்கிறேன் என்றார். அதன் பிறகு மகன்களை வீட்டை விட்டுத் துரத்தியதாகக் குர்ஆனில் இல்லை. அவர்களோடுதான் இருந்தார். பிரிவு எத்தனை காலம் என்பதில் விரிவுரையாளர்கள் ஒன்றுபடவில்லை. இப்னு இஸ்ஹாக் 18 ஆண்டு என்கிறார், ஹஸன் பஸரி 80 என்கிறார். குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். 18 ஆண்டு, தன் பிள்ளைக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்று தெரிந்தவர்களோடு ஒரே ஸஹனில் கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பொறுமை என்று அல்லாஹ் இதைத்தான் சொல்கிறான் என்று எனக்குப் படுகிறது. அவருடைய கண் உலர்ந்திருந்ததா ஈரமாக இருந்ததா என்பது இதற்குப் பக்கத்தில் சின்ன விஷயம்.

பஞ்சம் வருகிறது. தானியத்துக்காக மகன்கள் எகிப்துக்குப் போகிறார்கள். அடுத்த முறை தம்பி புன்யாமீனையும் அழைத்து வந்தால்தான் தானியம் என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள். முன்பு இவன் அண்ணன் விஷயத்தில் உங்களை நம்பியது போலவா இவனுக்கும் நம்புவது என்று யஃகூப் நபி கேட்கிறார். கேட்டுவிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பியும் வைக்கிறார். எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல்களில் போங்கள் என்று அவர்களுக்கு ஆபத்து வராமலிருக்க யோசனையும் சொல்கிறார். துரோகம் செய்த பிள்ளைகளானாலும் அவர்களுக்காகவும் பயப்படுகிற வாப்பா! புன்யாமீனின் மூட்டையில் மன்னரின் குவளை கிடைத்து அவர் அங்கே பிடிபட, மூத்தவரைத் தவிர மற்றவர்கள் அவர் இல்லாமல் திரும்புகிறார்கள். முன்பு சொன்ன அதே வார்த்தையை யஃகூப் நபி மறுபடி சொல்கிறார், இது உங்கள் மனம் ஜோடித்தது என்று. இந்த முறை அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை பொய் சொன்ன வாய்க்கு அந்த வீட்டில் இனி என்ன மதிப்பு?

அப்புறம்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார். அன்றைக்குத் தொலைந்தது புன்யாமீன். அவர் பெயர் சொல்லி அழுதது யூசுஃபை.

முதல் முறை இதைக் கவனித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏனென்றால் மௌத்து வீடுகளில் நான் கண்கூடாகக் கண்டது அது. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் அவர் மகன் வேலைக்குப் போனான். தோணி மூழ்கியது என்றார்கள், ஆள் கிடைக்கவில்லை. மையித்து இல்லை என்பதால் குளிப்பாட்டவும் இல்லை, கஃபனும் இல்லை. பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா (மையித்து முன்னால் இல்லாமல் தொழும் தொழுகை) தொழவைக்க வேண்டும் என்று வீட்டு ஆண்கள் பேசியபோது அந்தம்மா சம்மதிக்கவே இல்லை. அன்றைக்கு அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எல்லோரும் பெரிய சபூர்காரி என்று புகழ்ந்தார்கள். பல வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்தாள். நான் கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்துக்கொண்டிருந்தேன். மறைப்புத் துணிக்கு வெளியே அந்தம்மா தன் மகன் பெயரைச் சொல்லி ஓர் அழுகை அழுதார். இறந்தவளுடைய சொந்தக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க வீட்டு மௌத்துல வந்து ஒங்க மகனுக்கு அழுவுறீங்களே என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். புதுப் பிரிவு பழைய பிரிவின் கதவைத் திறந்துவிடுகிறது என்று அவளுக்கு அப்போது யார் எடுத்துச் சொல்வது? நான் மனசுக்குள் 84ஆம் வசனத்தை ஓதிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வசனத்தில் மகன்கள் பேசுகிறார்கள். யூசுஃபையே நினைத்து நினைத்து உருக்குலைந்து போவீர்கள், இல்லையென்றால் செத்தே போவீர்கள் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும்போது இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். இதைச் சொல்வது யார் என்று கேட்பேன். சின்னப் பிள்ளைகளும் டக்கென்று சொல்லிவிடும்: கிணற்றில் போட்டவர்கள். தகப்பனின் உடம்பு கெடுகிறதே என்ற கவலையும் அவர்களுக்கு இருந்திருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த அழுகை ஒவ்வொரு நாளும் அவர்கள் செய்ததற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டிய தேவை வீட்டில் வேறு எவரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம். இந்தக் கண்ணால் நான் கண்டிருக்கிறேன்: மௌத்து வீட்டில் மிக உரத்து சபூர் சொல்கிற ஆள், உயிரோடு இருக்கும்போது அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாத ஆளாக இருந்திருக்கிறார். எல்லோரும் அப்படி என்றால் அது அவதூறாகிவிடும். ஆனாலும் அழாதே என்ற சொல் யாருடைய நிம்மதிக்காகச் சொல்லப்படுகிறது என்று நான் கொஞ்சம் கவனித்துக் கேட்பது வழக்கம்.

யஃகூப் நபியின் பதிலையும் இங்கே வைத்துப் பார்த்தால்தான் முழுசாக விளங்குகிறது. என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்றார் அவர். ஆலிம்கள் இதைத் தவக்குலின் உச்சம் என்று விளக்குவார்கள், சரிதான். நான் கூடவே ஒன்று சேர்த்துக்கொள்வேன்: அந்த வீட்டில் வேறு யாரிடம் அவர் சொல்லியிருக்க முடியும்? கேட்கும் காதெல்லாம் குற்றவாளியின் காது. முறையிட்டுவிட்டு அவர் சும்மா உட்காரவும் இல்லை. போய் யூசுஃபையும் அவன் தம்பியையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள் என்று அதே மகன்களை அனுப்புகிறார். கண் வெளுத்த மனிதர், தொலைத்தவர்களையே தேட அனுப்புகிறார். அழுகை அவருடைய நம்பிக்கையைத் தின்றுவிடவில்லை.

இத்தனைக்கும் இந்த அழுகைக்காக அல்லாஹ் அவரை ஒரு சொல் கடிந்ததாகச் சூரா முழுவதிலும் இல்லை. கடிந்தவர்கள் வீட்டார்தான். யூசுஃபின் வாசனை வருகிறது என்று அவர் சொன்னபோதும் பழைய தடுமாற்றத்திலேயே கிடக்கிறீர்கள் என்று கேலி பேசினார்கள். ஹஸன் பஸரி தம் உறவினர் ஒருவரின் மௌத்துக்கு அழுதாராம். நீங்களா அழுவது என்று கேட்டதற்கு, யஃகூபின் துயரத்தை அல்லாஹ் குறையாகச் சொல்லி நான் பார்க்கவில்லை என்றாராம். பெரியவர்கள் எல்லோரும் இதில் ஒரே கட்சி என்று சொல்லமாட்டேன். சயீத் இப்னு ஜுபைர், இன்னா லில்லாஹி என்னும் வாசகம் இந்த உம்மத்துக்கு மட்டுமே தரப்பட்டது, முந்தியவர்களுக்குத் தரப்பட்டிருந்தால் யஃகூப் நபி யூசுஃபுக்காக அப்படிப் புலம்பாமல் இதைச் சொல்லியிருப்பார் என்று கருதினார். அதாவது அந்தப் புலம்பல் சயீதுக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்கிறது. எனக்கு உறுத்தவில்லை.

நபிகள் நாயகத்தின் (ஸல்) காலத்தில் இந்த வசனங்களை வாழ்க்கையில் எடுத்துப் பயன்படுத்தியவர்களைப் பார்த்தால் என் பக்கம் இன்னும் பலப்படுகிறது. ஆயிஷா நாயகி (ரலி) மீது அவதூறு சொன்னபோது அவர் இரவும் பகலும் தூக்கமில்லாமல், ஈரல் வெடித்துவிடுமோ என்னும் அளவுக்கு அழுதார். அந்த நிலையில் அவர் வாயில் வந்த உவமை யூசுஃபின் வாப்பா சொன்ன அழகிய பொறுமை. யஃகூப் என்ற பெயர்கூட அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை, அதனால்தான் யூசுஃபின் வாப்பா என்றார். அழுது ஓய்ந்த ஒரு பெண் பொறுமையைப் பற்றிப் பேசும்போது பெயர் மறந்துபோவதைப் போல உண்மையான ஒன்று உண்டா? அடுத்து உமர் (ரலி). கண்டிப்புக்குப் பேர்போனவர். சுபுஹுத் தொழுகையில் யூசுஃப் சூரா ஓதி, அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்ற இடம் வந்ததும் அவர் விம்மிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது என்று புகாரியில் இருக்கிறது.

இங்கே யாராவது கையை உயர்த்துவார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டார் அழுதால் மையித்துக்கு வேதனை என்று ஹதீஸ் இருக்கிறதே? இருக்கிறது. உமரும் அவர் மகன் இப்னு உமரும் அறிவித்தது. ஆயிஷா நாயகி அதை ஏற்கவில்லை. அறிவித்தவர்கள் பொய்யர்கள் இல்லை, ஆனால் காது தவறிக் கேட்கும் என்றார். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டினார். பின்னால் வந்த அறிஞர்கள், தனக்காக ஒப்பாரி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனவருக்கும் வீட்டில் அந்த வழக்கத்தைத் தடுக்காமல் விட்டவருக்கும்தான் அந்த ஹதீஸ் பொருந்தும் என்று விளக்கினார்கள். கண்ணீரைப் பற்றிய பேச்சு இல்லை அது.

எங்கள் தொழிலுக்கு உம்மு அதிய்யாதான் (ரலி) உஸ்தாது. நபியின் மகள் ஸைனப் வஃபாத்தானபோது குளிப்பாட்டியவர்களில் ஒருவர். ஒற்றைப்படையாக மூன்று, ஐந்து தடவை தண்ணீர் ஊற்றுவது, இலந்தை இலை, கடைசியில் கற்பூரம், தலைமுடியை மூன்று சடையாகப் பின்னுவது எல்லாம் அவர் அறிவித்ததுதான். நபியவர்கள் தம் இடுப்புத் துணியைக் கொடுத்து அதை மகளின் மேனியோடு சேர்த்துச் சுற்றச் சொன்னதும் அவர் வழியாகவே வந்தது. ஒப்பாரி வைக்கக் கூடாது என்று பெண்களிடம் நபியவர்கள் உறுதிமொழி வாங்கிய செய்தியையும் அவரே அறிவிக்கிறார். ஆக, தடை இருக்கிறது. கன்னத்தில் அறைந்துகொள்வது, சட்டையைக் கிழிப்பது, கூலிக்கு ஓலமிடுவது, அல்லாஹ்வைக் குறை சொல்வது இவை தடை. ஸஅத் இப்னு உபாதா (ரலி) நோயில் கிடந்தபோது அழுத நபியவர்கள், கண்ணின் நீருக்காகவோ மனதின் துயருக்காகவோ அல்லாஹ் தண்டிப்பதில்லை என்று சொல்லி, இதற்காகத்தான் என்று தம் நாவைச் சுட்டிக் காட்டினார்கள். கோடு அங்கேதான் போடப்பட்டிருக்கிறது.

கண்ணீர் மையித்தின் மேல் படக் கூடாது என்று எங்கிருந்து வந்தது என்றே எனக்குப் புரியவில்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) இறந்து கிடந்தபோது நபியவர்கள் குனிந்து முத்தமிட்டார்கள், கண்ணீர் வழிந்தது. உஹதில் கொல்லப்பட்ட தகப்பனின் முகத்துணியை விலக்கி விலக்கி ஜாபிர் (ரலி) அழுதார். சுற்றியிருந்தவர்கள் தடுத்தார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை. அதனால் நான் கஃபனின் தலைமுடிச்சைப் போடும் முன்பு உம்மாமாரையும் மகள்மாரையும் உள்ளே கூப்பிட்டு முகம் பார்க்க விடுவேன். முத்தம் கொடுங்கள் என்பேன். சில ஊர்ப் பெரியவர்களுக்கு இதில் என்மேல் மனத்தாங்கல் உண்டு.

ஒரு கேள்வியை என்னிடம் அந்தத் தோணிக்காரப் பையனின் உம்மாதான் கேட்டார். யஃகூப் நபிக்கு மகன் திரும்பி வந்தான். மகன் அனுப்பிய சட்டையை முகத்தில் போட்டதும் பார்வையும் வந்தது. எனக்கு? இதற்கு நான் சுற்றிவளைத்துப் பதில் சொல்லவில்லை. நீங்கள் அறியாததை அல்லாஹ்விடமிருந்து நான் அறிவேன் என்று யஃகூப் நபி சொன்னார். அவருக்கு யூசுஃபின் கனவு கையில் இருந்தது. நமக்கு அப்படி எந்தக் கனவும் தரப்படவில்லை. தொலைந்தவர் வந்துசேருவார் என்ற வாக்குறுதியாக இந்தச் சூராவை எடுத்துக்கொண்டால் பாதிப் பேருக்கு அது கொடுமையாகிவிடும்.

திரும்பி வராத மகன் நபிகள் நாயகத்துக்கு இருந்தான். மாரியா நாயகியின் மகன் இப்ராஹீம், பால்குடி மறக்காத வயது. பாலூட்டும் தாயின் கணவர் அபூ ஸைஃப் கொல்லர். உலைப் புகை நிறைந்த வீடு. நபியவர்கள் அங்கே போய்ப் பிள்ளையை வாங்கி முத்தமிட்டு முகர்ந்து பார்ப்பார்கள். ஹிஜ்ரி 10இல் அந்தப் பிள்ளை அவர்கள் கையில் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தபோது கண்ணீர் பெருகியது. நீங்களுமா, அல்லாஹ்வின் தூதரே என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) கேட்டார். அன்றும் ஒருவர் கேட்டிருக்கிறார் பாருங்கள். இது இரக்கம் என்றார்கள். கண் நீர் விடுகிறது, நெஞ்சு வேதனைப்படுகிறது, ஆனால் இறைவனுக்குப் பொருத்தமானதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம் என்று சொல்லி, மகன் பெயரை விளித்து, உன் பிரிவால் வாடுகிறோம் என்றார்கள். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மௌத்துக்காக என்று மக்கள் பேசியதை மறுத்து, யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் வருவதில்லை என்றும் சொன்னார்கள். மகனை இழந்த அன்றைக்கும் அந்த மரியாதையை வேண்டாம் என்று தள்ளிவிட அவர்களால் முடிந்தது.

ஃபுளைல் இப்னு இயாள் என்ற இறைநேசர் தம் மகன் அலீ இறந்தபோது சிரித்தார். அல்லாஹ் விரும்பியதை நானும் விரும்பினேன் என்றார். ஊரில் பலர் இதைத்தான் உயர்ந்த படி என்று நினைக்கிறார்கள். இப்னுல் கய்யிம் இதைப் பற்றித் தம் ஆசிரியர் இப்னு தைமிய்யாவிடம் கேட்டிருக்கிறார். நபியின் வழிதான் இதைவிட முழுமையானது என்பது பதில். அல்லாஹ்வின் தீர்ப்பில் பொருத்தமும் பிள்ளைமேல் இரக்கமும் இரண்டுமே நபியவர்களின் நெஞ்சில் ஒன்றாக இடம்பெற்றன. ஃபுளைலுக்கு இரண்டுக்கும் சேர்ந்து இடமில்லாமல் போனதால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். இப்னு தைமிய்யாவின் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்துத் தைக்காக்களில் சிலருக்குப் பிடிக்காது. இந்த ஒரு பதிலுக்காக நான் அவருக்கு துஆ செய்வேன்.

அந்தம்மா நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவரே வீட்டு ஆண்களிடம் சொல்லிக் காயிப் ஜனாஸா தொழவைத்தார். அன்றைக்கும் அழுதார். யாரும் தடுக்கவில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, அவர் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று நபியவர்கள் சொன்னார்கள். ஆகவே மௌத்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சபூர் சொல்வதை விட்டுவிட்டு ஒரு சட்டி சோறும் கறியும் கொண்டு வாருங்கள். வந்து, அழுகிறவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் உட்காருங்கள். இல்லையென்றால் அடுப்பங்கரையில் பாத்திரம் கிடக்கும், அதைக் கழுவுங்கள்.